கூட யார் வந்திருக்கிறார்கள்?

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரு மாநிலத்தின் புற்றுநோய்ப் பதிவகத்தில் 2009 முதல் வேலை பார்க்கிறேன். முதல் நான்கு வருடங்கள் என் வேலை படிப்பதும் ஓர் எண்ணைப் போடுவதும்தான். மருத்துவமனைகளிலிருந்து பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாம் வரும். அவற்றைப் படித்து, நோயைக் கண்டுபிடித்தபோது அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை ஒரே இலக்கத்தில் சொல்ல வேண்டும். பெருங்குடல் புற்று குடலுக்குள்ளேயே நின்றிருந்தால் 1. குடல் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் திசுவைத் தொட்டிருந்தால் 2. நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் 3. இரண்டும் நடந்திருந்தால் 4. கல்லீரல், நுரையீரல் என்று தள்ளிப் போய்விட்டால் 7. எல்லா ரிப்போர்ட்டிலும் தேடிப் பார்த்தும் தெரியவில்லை என்றால் 9.

1 போட்டால், அப்படிப்பட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் போல ஐந்து வருடம் தாண்டி இருப்பார்கள். 7 போட்டால் ஏழில் ஒருவர் இருந்தாலே அதிகம். அந்த 7-ஐத் தட்டும்போது முதல் சில மாதங்கள் என் விரல் தயங்கும். கேஸ் எண், வயது, முகவரி மட்டும்தான் கண் முன்னால் இருக்கும். ஆனாலும் அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒரு வரி வரும்: ‘நோயாளி எட்டு மாதமாகக் களைப்பு என்று சொல்கிறார்.’ வலது பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி முதியவர்களிடம் அதிகம். அங்கே வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் காட்டாது. உள்ளே கசிந்து கசிந்து ரத்தச்சோகையாக முடியும். வயசாச்சு, களைப்பாகத்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மருத்துவர்களும் சில சமயம் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

2013-இல் என்னை வரைபட வேலைக்கு மாற்றினார்கள். ஐந்து வருடப் பெருங்குடல் புற்றுக் கேஸ்களை எடுத்து, 65 வயதைத் தாண்டியவர்களில் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எந்தக் கவுண்டியில் எவ்வளவு என்று வரைய வேண்டும். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் இடைப்பட்ட அளவு என்று வைத்துக்கொள்ளலாம். முற்றிய நிலை என்பதற்கே ஒரே வரையறை கிடையாது. சிலர் 7-ஐ மட்டும் எண்ணுவார்கள். சிலர் 2-இலிருந்து 7 வரை எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தால் நாடு முழுக்கவே பாதிக்கு மேற்பட்டவர்கள் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். நாங்கள் இரண்டு விதமாகவும் வரைந்தோம்.

என் முதல் வரைபடத்தில் ஒரு சிறிய கவுண்டி அடர் சிவப்பாக வந்தது. அதைச் சுற்றியிருந்தவை எல்லாம் வெளிர் நிறம். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், அங்கே தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்றெல்லாம் ஓடியது மனம். மறுநாள் எங்கள் குழுத் தலைவியிடம் காட்டினேன். முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவர். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. “முகவரிகளைத் திறங்கள்” என்றார்.

திறந்தேன். அந்தக் கவுண்டியில் ஐந்து வருடத்தில் மொத்தம் 20 கேஸ். அவற்றில் 12 முற்றிய நிலை, அதாவது 60 விழுக்காடு. மூன்று பேர் குறைந்து 9 என்றிருந்தால் 45 விழுக்காடு ஆகி, பக்கத்துக் கவுண்டிகளைப் போல வெளிர் நிறத்தில் கலந்திருக்கும். அடுத்து, ஐந்து பேருடைய முகவரி பி.ஓ. பாக்ஸ் எண். இங்கே கிராமப்புறத்தில் பலருக்கு வீட்டுக்குத் தபால் வராது. ஊரில் உள்ள தபால் நிலையத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். கணினிக்கு வீடு எங்கே என்று தெரியாது. ஜிப் கோடின் (நம் பின் கோடு போல) நடுப்புள்ளியில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்தத் தபால் நிலையம் கவுண்டி எல்லையில் இருந்தது. பெட்டி வைத்திருந்தவர்களில் சிலருடைய வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். இன்னும் நான்கு பேர் ஒரே தெருவில், ஒரே கதவு எண்ணில். அது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். வேறு ஊர்களில் வாழ்ந்துவிட்டு, முடியாமல் போன பிறகு அங்கே சேர்க்கப்பட்டவர்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்று எங்கே குடியிருந்தார்களோ அதுதான் முகவரி. அது விதிப்படி சரி. ஆனால் அந்த நோய் வளர்ந்த பத்து வருடமும் அவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள்.

பத்து வருடம் என்று சும்மா சொல்லவில்லை. குடலின் உட்சுவரில் முளைக்கும் ஒரு சின்ன பாலிப், அதாவது சதை வளர்ச்சி, புற்றாக மாற அநேகமாக அவ்வளவு காலம் எடுக்கிறது. அதனால்தான் கொலோனோஸ்கோபியில், அதாவது கேமராக் குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில், ஒன்றுமில்லை என்றால் அடுத்து பத்து வருடம் கழித்து வந்தால் போதும் என்கிறார்கள். ஒரு நோய் நமக்கு இவ்வளவு அவகாசம் தருவது அபூர்வம். அந்த அவகாசம் முழுக்க வீணாகிப் போன பிறகுதான் என் மேசைக்கு 7 வருகிறது.

முகவரிகளைச் சரி செய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது. வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பதிவு என்று கிடைத்ததோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். எண்ணிக்கை குறைவான இடங்களில் பக்கத்துக் கவுண்டிகளின் போக்கையும் கணக்கில் சேர்த்து, விகிதத்தை மட்டுப்படுத்தினோம். என் சிவப்புக் கவுண்டி மறைந்துபோனது. ஏமாற்றமாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வரைபடம் வெளியே போயிருந்தால் அந்த ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் தங்கள் கிணற்றைச் சந்தேகித்திருப்பார்கள்.

ஆனால் வேறொன்று மறையாமல் நின்றது. மாநிலத்தின் ஒரு பக்கத்தில் ஏழெட்டுக் கவுண்டிகள் சேர்ந்த ஒரு திட்டு. எந்த முறையில் கணக்குப் போட்டாலும் அங்கே முற்றிய கேஸ்கள் அதிகம். நிறம் அடர் சிவப்பு இல்லை, பார்த்ததும் பதறவைக்கும்படி இல்லை. ஆனால் அசையவில்லை.

2015-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் நாடு முழுதுக்குமான ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது பெருங்குடல் புற்றால் வரும் இறப்பை. மூன்று இடங்கள் தனியாகத் தெரிந்தன: மிசிசிப்பி ஆற்றின் கீழ் டெல்டாவில் 94 கவுண்டிகள், அப்பலாச்சியா மலைப்பகுதியின் மேற்கு நடுப்பகுதியில் 107, கிழக்கு வர்ஜீனியாவும் வட கரோலினாவும் சேர்ந்த பகுதியில் 37. 2009–2011 காலத்தில் டெல்டாவில் இறப்பு விகிதம் மற்ற இடங்களைவிட 40 விழுக்காடு அதிகம். அப்பலாச்சியாவில் 18, மூன்றாவது இடத்தில் 9. நான் அந்த ஆய்வில் திரும்பத் திரும்பப் படித்தது இன்னொரு எண்ணை. 1970–72இல் அதே டெல்டாவில் இறப்பு மற்ற இடங்களைவிட 18 விழுக்காடு குறைவு. அதே ஆறு, அதே மண், பெரும்பாலும் அதே குடும்பங்கள். நாற்பது வருடத்தில் நாட்டின் மற்ற பகுதிகளில் பரிசோதனையும் சிகிச்சையும் பரவி இறப்பு இறங்கியது. டெல்டாவுக்கு அது சரியாக வந்து சேரவில்லை.

முதியவர்களின் கணக்கு என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நாட்டில் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் எந்த வித்தியாசம் தெரிந்தாலும், காப்பீடு இல்லை என்று சொல்லிவிடலாம். 65-க்கு மேல் அந்தப் பதில் எடுபடாது. அநேகமாக எல்லோர் கையிலும் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரின் அட்டை இருக்கிறது. 2001 ஜூலை முதல், நோய்க்கான தனி அபாயம் எதுவும் இல்லாதவருக்கும் மெடிக்கேர் கொலோனோஸ்கோபிக்குப் பணம் தருகிறது. அப்படியென்றால் 78 வயதில் 7 என்ற எண்ணோடு வந்தவருக்கு, 65-இலிருந்து பதின்மூன்று வருடம் அந்த வாய்ப்பு சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. ஒரு கவுண்டியில் அதைப் பயன்படுத்தினார்கள். இருபது மைல் தள்ளி இன்னொரு கவுண்டியில் பயன்படுத்தவில்லை. ஏன்?

அந்த அட்டையிலும் ஓர் ஓட்டை இருந்தது. பரிசோதனை இலவசம். ஆனால் பரிசோதனையின்போது பாலிப் தென்பட்டு, அதை அங்கேயே எடுத்துவிட்டால், அது சிகிச்சை என்று கணக்காகி 20 விழுக்காடு பில் வீட்டுக்கு வரும். பாலிப்பை எடுக்கத்தானே அந்தப் பரிசோதனையே! 2020 டிசம்பரில் இதைச் சரி செய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதுவும் படிப்படியாக: 2023-இல் 15 விழுக்காடு, 2027-இல் 10, 2030-இல்தான் சுத்தமாக இல்லாமல் போகும். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு எதிர்பாராத ஒரு பில் வந்தால், அந்தச் செய்தி தெரு முழுக்கப் பரவும். இலவசம் என்ற விளம்பரத்தை அதற்கப்புறம் யார் நம்புவார்கள்?

இங்கே ஒரு கணக்கு விஷயத்தையும் சொல்ல வேண்டும். முற்றிய நிலையின் பங்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சம மக்கள்தொகை கொண்ட இரண்டு ஊர்கள். ஒன்றில் 40 கேஸ், அவற்றில் 22 முற்றியவை. இன்னொன்றில் 60 கேஸ், 33 முற்றியவை. இரண்டிலும் 55 விழுக்காடுதான். வரைபடத்தில் ஒரே நிறம். ஆனால் இரண்டாவது ஊரில் 11 பேர் கூடுதலாக முற்றிய நோயோடு படுத்திருக்கிறார்கள். காரணம், கொலோனோஸ்கோபி நோயைச் சீக்கிரம் காட்டுவதோடு நிற்பதில்லை. பாலிப்பை எடுத்து நோயே வராமலும் தடுக்கிறது. முதல் ஊரில் அது நடந்திருக்கிறது. தொடக்க நிலைக் கேஸ்களும் குறைந்துவிட்டதால் பங்கு மட்டும் மாறாமல் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், பரிசோதனையால் பலனில்லை என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் வாதிட்டார். அன்றிலிருந்து எங்கள் அறிக்கைகளில் பங்கையும், லட்சத்துக்கு எத்தனை என்ற விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன்.

2016-இல் அந்தத் திட்டில் இருக்கும் ஒரு கவுண்டிக்கு முதல் முறை போனேன். வரைபடத்தில் மூன்று வருடமாக உற்றுப் பார்த்த இடம். இரண்டு பக்கமும் பருத்தியும் சோயாவும். நடுவில் நீண்ட நேரான சாலை. ஏழை மக்களுக்கான ஒரு சமூக மருத்துவ மையத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் என்னைச் சுற்றிக் காட்டினார். அந்த ஊர்க்காரர், கறுப்பினப் பெண்மணி. நான் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். அவர் சிவப்புத் திட்டில் விரலை வைத்து, “இதோ இங்கே என் சித்தி இருந்தார்” என்றார். நான் கணினியை மூடிவிட்டேன்.

அன்று அவர் சொன்னவை எல்லாம் என் தரவில் இல்லாதவை. அந்தக் கவுண்டியில் கொலோனோஸ்கோபி செய்யும் டாக்டர் யாரும் கிடையாது. 55 மைல் போக வேண்டும். முதல் நாள் வெறும் தெளிந்த திரவம். ராத்திரி நான்கு லிட்டர் பேதி மருந்துக் கரைசல். அதைக் குடித்துவிட்டுக் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த, தனியாக வாழும் 74 வயதுப் பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட இரவு? விடிந்ததும் 55 மைல். மயக்க மருந்து கொடுப்பதால் திரும்பும்போது தானே வண்டி ஓட்டக் கூடாது. டாக்சியில் தனியாகவும் விடமாட்டார்கள். பொறுப்பெடுத்துக்கொள்ள வயது வந்த ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் அட்லாண்டாவிலும் ஷார்லட்டிலும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் 76. அவர் நெடுஞ்சாலையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

“மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் அனுப்புகிறோம். நன்றாகத்தான் திரும்பி வருகிறது. பாசிட்டிவ் வந்தால் அப்புறம் கொலோனோஸ்கோபிதானே. அங்கேதான் நின்றுவிடுகிறது” என்றார். அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பாசிட்டிவ் வந்தும் போகாதவர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தார். பயம் என்று சில. பணம் என்று சில. பாதிக்கு மேல் ஒரே வார்த்தை: வண்டி.

மருத்துவமனை மேல் உள்ள அவநம்பிக்கையையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். 1966 ஜூலை 1-இல் மெடிக்கேர் தொடங்கியபோது, கறுப்பினத்தவரைத் தனி வார்டில் வைக்கும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்று அரசு சொன்னது. நான்கே மாதத்துக்குள் ஆயிரம் மருத்துவமனைகள் போல அந்தப் பிரிவினையைக் கைவிட்டன. படிக்க நல்ல செய்திதான். ஆனால் நான் கணக்கெடுக்கும் முதியவர்கள் அன்று இளைஞர்கள். தன் அம்மா பின்வாசல் வழியாக உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். பணம் நின்றுவிடும் என்று பயந்துதான் முன்வாசலைத் திறந்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து, அந்தத் திட்டில் எத்தனை முதியவர் வீடுகளில் வண்டியே இல்லை, எத்தனை பேர் தனியாக வாழ்கிறார்கள் என்ற சென்சஸ் எண்களை என் கணக்கில் சேர்த்தேன். இவை பொதுவில் கிடைக்கும் எண்கள்தான். மூன்று வருடமாக அவற்றைச் சேர்க்கத் தோன்றவில்லை. டாக்டர் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். வண்டி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் 55 மைல் ஒரே தூரம் இல்லையே.

இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது 2022-இல், என்னுடைய கொலோனோஸ்கோபியின்போது. பரிசோதனையைத் தொடங்கும் வயதை 2021-இல் 50-இலிருந்து 45-ஆகக் குறைத்திருந்தார்கள். எனக்கு 46. கணவர் அப்போது திருச்சியில் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு தம்பியிடம் கேட்டிருந்தேன். “கண்டிப்பா வர்றேன் அக்கா” என்றான். காலை ஆறரைக்கு வரவேற்பு மேசையில் பெயர் சொன்னதும் முதல் கேள்வி: “கூட யார் வந்திருக்கிறார்கள்?” அவன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். வந்துவிடுவான் என்றேன். அவர் இங்கே வந்து கையெழுத்துப் போட்டால்தான் உங்களை உள்ளே கூப்பிடுவோம் என்றார்கள். பத்து நிமிடம் நின்றிருப்பேன். பக்கத்து நாற்காலியில் ஒரு முதியவர், கைத்தடியோடு, தனியாக. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். மருமகன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான், மத்தியானம் வருவான் என்றார். மத்தியானம் வரை யாரும் கூட இல்லையா என்று கேட்டார்கள். இல்லை. வேறு தேதி குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த நான்கு லிட்டரையும் குடித்துவிட்டு வந்தவர். என்னிடமிருந்து இரண்டு பாலிப்களை எடுத்தார்கள், கெடுதல் இல்லை. அவர் அந்த வேறு தேதிக்கு வந்தாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் துறையில் நான் யாரைப் பார்த்தாலும் டெலவேர் பற்றிப் பேசுவேன். மூன்றே கவுண்டிகள் கொண்ட சின்ன மாநிலம். 2000-களின் தொடக்கத்தில், பெருங்குடல் பரிசோதனைக்கு ஒவ்வொருவரையும் கைபிடித்துக் கூட்டிப் போக நர்ஸ்களை நியமித்தார்கள். தேதி வாங்கித் தருவது, பேதி மருந்தை எப்படிக் குடிப்பது என்று சொல்லித் தருவது, போக வர ஏற்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. காப்பீடு இல்லாதவருக்குச் சிகிச்சைச் செலவையும் மாநிலமே ஏற்றது. 2001-இல் கறுப்பினத்தவரில் 48 விழுக்காடு பேர்தான் பரிசோதனை செய்திருந்தார்கள். 2009-இல் 74, வெள்ளையருக்குச் சமமாக வந்துவிட்டது. அவர்களில் முற்றிய நிலையில் வந்தவர்கள் 79 விழுக்காட்டிலிருந்து 40-ஆக இறங்கினார்கள். அவர்களிடையே இறப்பு 42 விழுக்காடு குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமல் எட்டு வருடத்தில் இவ்வளவும் நடந்தது.

எங்கள் பதிவகத்தால் நர்ஸை நியமிக்க முடியாது. எண்ணைத்தான் கொடுக்க முடியும். அதிலும் கட்டுப்பாடு உண்டு. மெடிக்கேர் தரவிலிருந்து எடுத்த எண்ணிக்கை 11-க்குக் கீழே இருந்தால் வெளியிடக் கூடாது. யார் என்று தெரிந்துவிடும். சரியான விதிதான். ஆனால் மிகச் சிறிய, மிகத் தள்ளியிருக்கும் ஊர்கள் இதனால் எப்போதும் வெற்றுக் கட்டமாகவே இருக்கின்றன. 9 என்று போட்ட கேஸ்களும் அப்படித்தான். 85 வயதுக்காரருக்குக் கட்டி என்று தெரிந்ததும், இனிமேல் ஸ்கேன் எல்லாம் எடுத்து என்ன செய்ய என்று குடும்பம் முடிவெடுக்கும். எவ்வளவு பரவியது என்று யாரும் பார்க்கவில்லை. எனவே 9. பல ஆய்வுகளில் 9-ஐத் தூக்கிவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் தூக்குவதில்லை. தனி வரைபடமாகப் போடுகிறேன். அந்த வரைபடத்திலும் அதே திட்டுதான் கறுத்துத் தெரிகிறது.

2018-இல் அந்த நர்ஸ் போன் செய்தார். எந்தெந்த ஜிப் கோடில் வண்டி இல்லாத முதியவர்கள் அதிகம் என்று பட்டியல் கேட்டார். எட்டு ஜிப் கோடுகளை வரிசைப்படுத்தி அன்று மாலையே அனுப்பினேன். மூன்று தேவாலயங்கள் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கியிருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் ஓடும். ஓட்டுபவரே உள்ளே வந்து கையெழுத்துப் போட்டு, முடியும்வரை உட்கார்ந்திருந்து, வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. கொரோனாவின்போது ஒரு வருடத்துக்கு மேல் நின்றுபோய், பிறகு மறுபடி தொடங்கினார்கள். வரைபடத்தில் மாற்றம் தெரிய இன்னும் வருடங்கள் ஆகும். எட்டு ஜிப் கோடுகளின் எண்ணிக்கை அவ்வளவு சிறியது. போன மாதம் பேசியபோது இரண்டு விஷயம் சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் ‘வண்டி’ என்று எழுதி ஏழு வாரமாகிவிட்டது. வியாழக்கிழமை வண்டி ஓட்டுபவருக்குக் கண்ணில் புரை, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதுவரை ஓட்ட ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.